பேர்ஃபுட் ஷூ ஆகுமா, ஆகாதா? நின்றே வேலை பார்க்கும் ஒருவரின் கால்கள்: நிகழ்வு ஆய்வு

பின்னணி

நாற்பதுகளின் நடுவில் இருக்கும் ஓர் ஆசிரியை. நாளின் பெரும்பகுதி கெட்டித் தரையில் நின்றபடிதான் வேலை. காலையில் முக்கால் மணி நேரம் நடைப்பயிற்சி. சர்க்கரை நோய் இல்லை, காலில் பழைய எலும்பு முறிவு இல்லை, ஓட்டப் பழக்கமும் இல்லை. ஒன்றரை ஆண்டாக வலது காலில் தொந்தரவு. மாலையானால் மூன்றாம், நான்காம் விரல்களுக்கு நடுவே எரியும். சில நாள் விரல் மரத்தும் போகும். ஷூவைக் கழற்றித் தேய்த்துவிட்டால் அடங்கிவிடும். சுண்டுவிரலின் வெளிப்பக்கம் கால் ஆணி. பெருவிரல் மூட்டு கொஞ்சம் புடைத்து, விரல் அடுத்த விரலை நோக்கிச் சாய ஆரம்பித்திருந்தது.

பிசியோதெரபிக்கு அவர் வந்தது இதற்கெல்லாம் இல்லை. உடன் வேலை பார்ப்பவர் சொன்னதை நம்பி, வெறுங்காலோடு நடப்பது போலவே இருக்கட்டும் என்று மெல்லிய சோலில் செய்யும் பேர்ஃபுட் ஷூ வாங்கியிருந்தார். வாங்கிய மறுநாளே வேலைக்கும் அதுதான், நடைக்கும் அதுதான். முதல் நாள் எரிச்சலே இல்லை, அவருக்கே ஆச்சரியம். மூன்றாம் நாள் கெண்டைக்கால் இரண்டும் பிடித்துக்கொண்டு படி இறங்க முடியவில்லை. வலது பாதத்தின் மேல்பக்கமும் வலித்தது. வாரக் கடைசியில் பழைய ஷூ, புது ஷூ இரண்டையும் பையில் போட்டு எடுத்து வந்துவிட்டார்.

"இது என் காலுக்கு ஆகுமா ஆகாதா, சொல்லிடுங்க. ஆகாதுன்னா யாருக்காவது கொடுத்துடறேன்" என்றார்.

ஆகும் என்றாலும் தப்பு, ஆகாது என்றாலும் தப்பு. இதை எழுதி வைக்கக் காரணமே அதுதான்.

முதல் நாள் பார்த்தவை

வலி இருக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது எலும்பை. மெல்லிய சோலுக்குத் திடீரென மாறுகிறவர்களுக்கு இரண்டாம், மூன்றாம் விரல்களுக்குப் பின்னால் ஓடும் நீள எலும்புகளில் மெல்லிய விரிசல் விழலாம். ஒற்றை விரலால் ஒவ்வொரு எலும்பின் மேலும் அழுத்திக்கொண்டே போனால், விரிசல் உள்ளவர் ஒரே புள்ளியில் துள்ளுவார். இவருக்கு அப்படி ஒரு புள்ளி இல்லை. வலி பரவலாக இருந்தது, வீக்கம் இல்லை, ஒற்றைக் காலில் மெதுவாகக் குதித்தபோதும் கூடவில்லை. படம் எடுக்க அவசரமில்லை என்று விட்டோம்.

அடுத்தது நரம்பு. முன்பாதத்தை இரண்டு பக்கமும் பிடித்து அழுத்தியபோது மூன்றாம், நான்காம் விரல்களுக்கு நடுவே அதே எரிச்சல் வந்தது. அந்த இடத்தில் ஒரு சின்ன 'க்ளக்'கும் தட்டுப்பட்டது. விரல் இடுக்கில் நரம்பு நசுங்கித் தடிக்கும் மார்ட்டன் நியூரோமா என்று சந்தேகிக்க இது போதும். தொடு உணர்வு எல்லா இடத்திலும் சரியாக இருந்தது.

மூன்றாவது, கணுக்கால் எவ்வளவு மடங்குகிறது என்பது. சுவரைப் பார்த்து நின்று, குதிகால் தரையை விட்டு எழாமல் முழங்காலைச் சுவரில் தொடச் சொல்ல வேண்டும். பெருவிரலுக்கும் சுவருக்கும் உள்ள தூரம்தான் அளவு. பத்து சென்டிமீட்டர் அளவில் இருந்தால் கவலையில்லை. இவருக்கு இடது 9, வலது 6. ஒற்றைக் காலில் குதிகாலைத் தூக்கி இறக்கும் பயிற்சியில் இடது கால் 18 முறை தாங்கியது; வலது 11-லேயே நடுங்கிவிட்டது. நல்ல நிலையில் உள்ள பெரியவர்களுக்கு 25 என்பது வழக்கமாகச் சொல்லும் இலக்கு.

பெருவிரல் மேல்நோக்கி நன்றாக மடங்கியது. இது பெரிய விஷயம். அடியெடுத்து வைக்கும்போது பெருவிரல் பின்னால் மடங்கினால்தான் பாத வளைவு இறுகி, பாதம் உந்தித் தள்ளும். அந்த மூட்டு இறுகிப்போனவருக்கு நன்றாக வளைகிற ஷூ ஒவ்வோர் அடியிலும் மூட்டை வலிக்க வலிக்க மடக்கும். அவருக்கு வேண்டியது இதற்கு நேர் எதிரானது: வளையாத, முன்னால் உருண்டு போகிற மாதிரி செய்த சோல். இவருக்கு மூட்டு புடைத்திருந்ததே தவிர இறுகவில்லை.

"எனக்குத் தட்டைப் பாதமோ?" என்றும் கேட்டார். வளைவு கொஞ்சம் தாழ்வுதான். ஆனால் நுனிக்காலில் நின்றபோது வளைவு எழுந்தது, குதிகாலும் உள்பக்கம் திரும்பியது. அப்படியென்றால் அது உயிருள்ள வளைவு. ஈரக் காலைத் தரையில் பதித்து, அந்தத் தடத்தை வைத்து ஷூ தேர்வு செய்யச் சொல்லும் பழக்கத்துக்கு இருக்கிற மதிப்பு அதன் பயனைவிட அதிகம்.

காகிதத்தில் தெரிந்தது

அன்றைக்கு முடிவைத் திருப்பிப் போட்டது ஒரு காகிதம். இரண்டு காலிலும் எடையைப் போட்டு நிற்கவைத்து, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துப் பாதத்தைச் சுற்றி வரைந்து வெட்டினோம். பழைய ஷூவின் இன்சோலை, அதாவது உள்ளே இருக்கும் கழற்றக்கூடிய மெத்தையை, உருவி அதன் மேல் வைத்தோம். வலது பாதத்தின் அகலமான இடம் 101 மில்லிமீட்டர். இன்சோல் அதே இடத்தில் 88. சுண்டுவிரலில் பாதி காகிதத்தில் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கால் ஆணி இருந்த இடமும் சரியாக அதுதான். ஒன்றரை ஆண்டாகப் பதின்மூன்று மில்லிமீட்டர் பாதத்தைத் துணிக்குள் அமுக்கி வைத்திருந்தார் என்று புரிந்ததும், முதல் நாள் எரிச்சல் மறைந்ததில் மர்மம் ஒன்றும் இல்லை.

பேர்ஃபுட் ஷூ என்று நாம் சொல்வது ஒரு குணம் இல்லை, நான்கு குணங்கள் சேர்ந்த ஒரு மூட்டை. முன்பக்கம் விரல் வடிவத்துக்கு அகலம். குதிகாலும் முன்பாதமும் ஒரே உயரம். சோல் மெல்லிசு. எல்லாப் பக்கமும் வளையும், முறுக்கினால் முறுக்கும். 2015-ல் ஆய்வாளர்கள் சேர்ந்து இத்தகைய ஷூக்களுக்கு ஓர் அளவுகோல் வகுத்தபோதும் எடை, சோல் தடிமன், குதிகால் உயர வித்தியாசம், வளையும் தன்மை, பாதத்தைத் தாங்கிப் பிடிக்கும் அமைப்புகள் என்று தனித்தனியாகத்தான் மதிப்பெண் போட்டார்கள். கடையில் எல்லாம் ஒரே பெட்டியில் வருவதால் நமக்குத்தான் ஒன்றாகத் தெரிகிறது.

இவரை வைத்துப் பார்த்தால்: அகலம் உடனே வேண்டும், அதில் விவாதமே இல்லை. ஒரே உயரம் இப்போதைக்கு ஆகாது. பழைய ஷூவில் குதிகால் ஏறக்குறைய பத்து மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தது. வலது கணுக்காலின் இறுக்கத்தை அந்த உயரம் மூடி மறைத்துக்கொண்டிருந்தது. அதை ஒரே நாளில் எடுத்ததும் கெண்டைக்கால் இழுபட்டது, குதிகால் சீக்கிரமே எழுந்தது, சுமை முன்பாதத்தில் அதிக நேரம் தங்கியது. மெல்லிய சோல் நாள் முழுக்க ஆகாது. நரம்பு ஏற்கெனவே புண்பட்ட இடத்தில் சிமெண்ட் தரை நேராக இடிக்கும். வளையும் தன்மை, பெருவிரல் மடங்குவதால், ஆகும்.

எடுத்த முடிவுகள்

பழைய ஷூவை அன்றே நிறுத்தினோம். வேலைக்கு, முன்பக்கம் நல்ல அகலமும் குதிகால் வித்தியாசம் நாலைந்து மில்லிமீட்டரும் ஓரளவு குஷனும் உள்ள ஷூ. வாங்கும் நேரம் மாலை. நாள் முழுக்க நின்ற பிறகு கால் கொஞ்சம் உப்பியிருக்கும். கையில் வெட்டிய காகிதத்தையும் எடுத்துப் போகச் சொன்னேன். இன்சோலை வெளியே எடுத்துக் காகிதத்தை அதன் மேல் வைத்தால் எங்கேயும் வெளியே நீட்டக் கூடாது. நீளத்தில் ஒரு சென்டிமீட்டர் மிச்சம் இருக்க வேண்டும். "ஒரு சைஸ் பெரிசா எடுத்துடவா?" என்றார். அது உதவாது. நீளம்தான் கூடும், அகலம் கொஞ்சமே கூடும். ஷூ மடங்கும் இடமும் பாதம் மடங்கும் இடமும் வேறாகிவிடும்.

நரம்புக்கு ஒரு சின்ன மெத்தைத் துண்டு. இதை ஒட்டும் இடத்தில்தான் பலர் தவறு செய்கிறார்கள். வலிக்கும் இடத்துக்கு அடியில் வைத்தால் வலி கூடும். அதற்குச் சற்றுப் பின்னால் வைத்தால்தான் எலும்புகள் விரிந்து நரம்புக்கு இடம் கிடைக்கும். இடத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி, வலிக்கும் புள்ளியில் லிப்ஸ்டிக் தடவி ஷூவுக்குள் காலை வைத்து ஓர் அடி நடப்பது. இன்சோலில் சிவப்பு பதியும். துண்டின் முன்விளிம்பு அந்தச் சிவப்புக்குப் பின்னால் முடிய வேண்டும்.

பேர்ஃபுட் ஷூவைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. அதை ஷூவாக இல்லாமல் உடற்பயிற்சிக் கருவியாகக் கணக்கில் எடுத்துக்கொண்டோம். முதல் இரண்டு வாரம் வீட்டுக்குள் கால் மணி நேரம். பிறகு வெளியே சமமான மண் தரையில் இருபது நிமிடம், வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டலாம். நிறுத்துவதா தொடர்வதா என்பதை மறுநாள் காலை முதல் சில அடிகள் தீர்மானிக்கும். நடக்கும்போது வலிக்கவில்லை என்பது கணக்கில் வராது.

இங்கே அவர் மறித்தார்: "வீட்டுல வெறுங்காலோடதானே நடக்கறேன்? அதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?" நியாயமான கேள்வி. வீட்டில் நாலு அடி நடந்து நிற்கிறோம், திரும்புகிறோம், உட்காருகிறோம். வெளியே ஒரே வேகத்தில், ஒரே மாதிரி, ஆயிரக்கணக்கான அடிகள் நிற்காமல் விழுகின்றன. எலும்புக்கு அந்த எண்ணிக்கைதான் கணக்கு.

இரண்டு பக்கமும் சான்று இருந்ததால்தான் இந்த நடுவழி. 2019-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், இத்தகைய ஷூவில் எட்டு வாரம் நடந்தவர்களின் பாதத் தசைகள், தனியாகப் பாதப் பயிற்சி செய்தவர்களுக்குச் சமமாக வலுவாயின. 2021-ல் லிவர்பூல் பல்கலைக்கழகத்தினர் வெளியிட்டதில், ஆறு மாதம் அன்றாடம் அணிந்தவர்களின் பாத வலிமை சராசரியாக 57 சதவீதம் கூடியது. மறுபக்கம், 2013-ல் வெளியான ஆய்வில் பழகிய ஓட்டக்காரர்கள் 36 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு பகுதியினரைப் பத்து வாரத்தில் ஐவிரல் ஷூவுக்கு (ஒவ்வொரு விரலுக்கும் தனி உறை உள்ள பேர்ஃபுட் ஷூ) மாற்றினார்கள். மாறிய 19 பேரில் 10 பேருக்கு எம்.ஆர்.ஐ. படத்தில் பாத எலும்புக்குள் நீர்க்கோப்பு கூடியிருந்தது; எலும்பு சுமையில் திணறுவதன் அறிகுறி அது. தசை சில வாரங்களில் பழகும். எலும்புக்கு மாதங்கள் ஆகும். இடையில் உள்ள அந்தக் காலம்தான் ஆபத்தான காலம், ஏனென்றால் அப்போது கால் நன்றாக இருப்பதாகவே தோன்றும்.

உடன் வேலை பார்ப்பவர் அனுப்பியிருந்த செய்தியையும் காட்டினார். 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானை எத்தியோப்பிய ஓட்டக்காரர் அபெபே பிகிலா வெறுங்காலோடு ஓடி வென்றார் என்று இருந்தது. உண்மைதான். அதே மனிதர் 1964-ல் டோக்கியோவில் ஷூ போட்டு ஓடி, முந்தையதைவிட வேகமாக முடித்து மறுபடி வென்றார் என்ற மீதிப் பாதி அதில் இல்லை. அந்த ஐவிரல் ஷூ பாதத்தை வலுவாக்கும், காயத்தைக் குறைக்கும் என்று விளம்பரம் செய்த வைப்ரம் நிறுவனம் 2014-ல், தவறை ஒப்புக்கொள்ளாமல், அந்த விளம்பரத்தின் மீதான வழக்கை 37.5 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. விளம்பர வாசகத்தை வைத்துக் காலை முடிவு செய்ய வேண்டாம் என்பதற்காக இதைச் சொன்னேன்.

பயிற்சிகள் மூன்றே. சுவரைப் பிடித்துக் கெண்டைக்காலை நீட்டுவது. ஒருநாள் விட்டு ஒருநாள் குதிகாலை மெதுவாகத் தூக்கி, இன்னும் மெதுவாக இறக்குவது. விரல்களைச் சுருட்டாமல் பாதத்தைச் சுருக்கி வளைவை எழுப்புவது. மூன்றாவது ஒரு வாரம் வரை பிடிபடாது. பிடிபடும் வரை கால் நம் பேச்சைக் கேட்காதது போல இருக்கும்.

பிறகு நடந்தது

அகல ஷூ வந்த மூன்றாவது வாரத்தில் மாலை எரிச்சல் அரிதாகிவிட்டது. கால் ஆணி மெத்தென்று ஆகி, பிறகு உதிர்ந்தது. அதை யாரும் வெட்டவில்லை, மருந்து போடவில்லை. உரசல் நின்றது, அவ்வளவுதான். பேர்ஃபுட் ஷூவில் மண் தரை நடை முப்பத்தைந்து நிமிடத்தை எட்டியது.

இரண்டு மாதம் ஆகும் சமயத்தில் பள்ளியில் ஒரு விழா. கால் நன்றாக இருக்கிறதே என்று அன்று காலையிலிருந்து மாலை வரை பேர்ஃபுட் ஷூவிலேயே நின்றார், மேடை ஏறி இறங்கினார், நாற்காலி தூக்கினார். மறுநாள் காலை வலது பாதத்தின் மேல்பக்கம் லேசான வீக்கம். இந்த முறை விரலால் அழுத்தியபோது இரண்டாம் விரலுக்குப் பின்னால் ஓடும் நீள எலும்பின் நடுவில் ஒரே புள்ளி. துள்ளிவிட்டார்.

எலும்பு மருத்துவரிடம் அனுப்பினோம். எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது. ஆனால் இத்தகைய விரிசல் முதல் இரண்டு, மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம். சுத்தமான படம் என்பது சுத்தமான எலும்பு என்று ஆகாது. எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா என்று பேசினார்கள். எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அடுத்த சில வாரம் செய்யப்போவது ஒன்றுதான் என்பதால் எடுக்கவில்லை. மெல்லிய ஷூ முழு நிறுத்தம், வளையாத கெட்டிச் சோல் ஷூ, நடைப்பயிற்சிக்குப் பதில் சைக்கிள். பத்து நாளில் வீக்கம் போனது, நான்கு வாரத்தில் அழுத்தினாலும் வலியில்லை. விரிசல் விழுவதற்கு முந்தைய கட்டத்தில் பிடித்துவிட்டோம் என்றே கருதுகிறேன். உறுதிப்படுத்தப் படம் இல்லை.

அதன் பிறகு மறுபடி கால் மணி நேரத்திலிருந்து தொடங்கினார். இந்த முறை அவரே ஒரு நாள்கூட அவசரப்படவில்லை.

அண்ணன் வந்தபோது

தங்கையின் கால் தேறியதைப் பார்த்து, ஐம்பதுகளில் இருக்கும் அவருடைய அண்ணனும் ஒரு ஜோடி வாங்கிவிட்டார். பன்னிரண்டு ஆண்டாகச் சர்க்கரை நோய். அளவு சரியா என்று பார்க்கத்தான் தங்கையோடு வந்தார்.

பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால், கண்ணை மூடச் சொல்லி உள்ளங்காலில் தொட்டுப் பார்ப்பது இங்கே செய்ய வேண்டிய முதல் சோதனை. பெருவிரல் நுனியிலும் முன்பாதத்தில் இரண்டு இடத்திலும் தொட்டது அவருக்குத் தெரியவில்லை. "தொடுங்க, பாக்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். தொட்டு எடுத்து முடித்திருந்தோம். தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவர் போட்டு வந்த பேர்ஃபுட் ஷூவின் இடது சோலில் ஒரு சின்ன முள் குத்தி உள்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. நல்லவேளை, தோல் கிழியவில்லை.

"உனக்கு ஒத்துக்குச்சு, எனக்கு மட்டும் ஏன் ஆகாது?" என்று தங்கையைத்தான் கேட்டார்.

"எனக்கு வலிச்சுது அண்ணா, அதனால நிறுத்தினேன். உங்களுக்கு வலிக்கவே வலிக்காது, அதான் பயம்" என்றார் அவர். நான் சேர்க்க ஒன்றுமில்லை.

பாத உணர்வு குறைந்த சர்க்கரை நோயாளி வீட்டுக்குள்கூட வெறுங்காலோடும் மெல்லிய செருப்போடும் நடக்கக் கூடாது என்பதுதான் சர்வதேச வழிகாட்டுதல். அவருக்கு முடிவு உடனடியாகவும் முழுமையாகவும் 'ஆகாது'. அகலமும் ஆழமும் உள்ள, உள்ளே தையல் உறுத்தாத, காப்பான சோல் உள்ள காலணி; போடும் முன் கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்ப்பது; தினமும் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்ப்பது. சர்க்கரை மருத்துவரிடம் பாதப் பரிசோதனைக்கும் அனுப்பினோம்.

எட்டாம் மாத நிலை

ஆசிரியைக்கு வலது குதிகால் தூக்கும் எண்ணிக்கை 21, சுவர் அளவு 8. எரிச்சல் எப்போதாவதுதான், அதுவும் வேறு செருப்பு போட்ட நாட்களில். வேலைக்கு அகலமான குஷன் ஷூ தொடர்கிறது. காலை நடையில் பேர்ஃபுட் ஷூ, மண் தரையில் நாற்பது நிமிடம். சிமெண்ட் தரையில் நாள் முழுக்க நிற்க அதைப் போடுவதில்லை என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்.

பெருவிரல் சாய்வு மாறவில்லை. முதல் நாள் வரைந்த காகிதத்தையும் இப்போது வரைந்ததையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் விரல் அதே கோணத்தில்தான் இருக்கிறது. மூட்டின் மேல் சிவப்பும் உரசல் வலியும் போயிருக்கின்றன. அகல ஷூ புடைப்பின் வலியைக் குறைக்கும். சாய்ந்த எலும்பை நிமிர்த்தும் என்று எதிர்பார்ப்பது சரியல்ல.

அடுத்த முறை மாற்றுவது

கால அட்டவணையில் நடக்கும் நிமிடங்களை மட்டும் எழுதினோம். நின்ற நேரம், ஏறிய படி, தூக்கிய பாரம் எல்லாவற்றையும் ஒரே கணக்கில் எழுதவைக்க வேண்டும். இரண்டாவது, வரப்போகும் விழா, பயணம், விருந்து நாட்களை முதல் நாளே கேட்டுக் குறித்துக்கொண்டு, அந்த நாட்களுக்கு எந்த ஷூ என்று அப்போதே முடிவு செய்ய வேண்டும். மூன்றாவது, ஒருவர் பேர்ஃபுட் ஷூவோடு வந்தால் வீட்டில் வேறு யார் வாங்கப் போகிறார்கள், அவர்களுக்குச் சர்க்கரை நோய் உண்டா என்று கேட்பது. இது இப்போது எங்கள் படிவத்தில் ஒரு வரியாகச் சேர்ந்துவிட்டது.

அந்த ஷூவில் ஓடலாமா என்று ஆசிரியை போன மாதம் கேட்டார். இரண்டு காலிலும் குதிகால் தூக்குவது 25-ஐத் தொட வேண்டும், மண் தரை நடை ஒரு மணி நேரம் ஆகி மறுநாள் காலை எதுவும் தெரியாமல் இருக்க வேண்டும். அதன் பிறகு ஒரு நிமிடம் ஓட்டம், நான்கு நிமிடம் நடை என்று ஆரம்பிக்கலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். வலது காலுக்கு இன்னும் நான்கு பாக்கி.